வீட்டுப் பூனை முதுமையடையும்போது நம் மீதுள்ள கடமை



பூனையிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பதில் நம் சமுதாயத்தில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்கும்போது நம் மனக்கண்ணில் தோன்றுவது, பந்தை உருட்டி விளையாடும் குட்டியோ எலி பிடித்து வீட்டைக் காக்கும் இளம் பூனையோதான். அதே பூனைக்குப் பதினான்கு, பதினைந்து வயதாகிறது. பற்கள் உதிர்கின்றன. கண் மங்குகிறது. மணலைத் தோண்டிக் கழிக்கும் பழக்கம் தவறி, பாயிலும் படியிலும் சிறுநீர் விடுகிறது. அந்த நாளில்தான் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: இதை இனி எதற்காக வைத்திருக்க வேண்டும்?

இக்கேள்விக்கு இரக்க உணர்வை மட்டும் கொண்டு விடை சொன்னால், அந்த உணர்வு குறையும்போது விடையும் மாறிவிடும். ஆகவே மார்க்கம் காட்டும் கடமை என்ற நிலையிலிருந்தே இதைப் பார்க்க விரும்புகிறேன். பூனைக்கு வயது ஏற ஏற நம் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. நாம் நன்கறிந்த அந்த ஹதீஸே இதற்குச் சான்று.

இரண்டு வழிகளில் ஒன்று அடைபடும்போது

இப்னு உமர் (ரலி), அபூஹுரைரா (ரலி) ஆகியோர் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ள அந்தச் செய்தியை நிதானமாக ஆராய்வோம். அப்பெண் பூனையை அடித்ததாகவோ வெறுத்ததாகவோ அதில் இல்லை. அடைத்து வைத்தாள்; உணவளிக்கவில்லை; பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னும்படி விட்டுவிடவும் இல்லை. இதனால் அவள் தண்டனைக்குரியவள் ஆனாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவளுக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஒன்று, தானே உணவளிப்பது. மற்றொன்று, அது தேடித் தின்ன வழிவிடுவது. இரண்டையும் செய்யாததே குற்றம்.

இப்போது முதிர்ந்த பூனையை எண்ணிப் பாருங்கள். மூட்டுகள் இறுகி மதில் ஏற முடியாத பூனை எலியைத் துரத்துமா? பல் இல்லாதது ஓணானைக் கடிக்குமா? பார்வை மங்கியது தெருநாயைக் கண்டு விலகுமா? அந்த இரண்டாவது வழி, அதன் முதுமையால் அடைபட்டுவிட்டது. ஹதீஸ் காட்டிய இரண்டில் எஞ்சியிருப்பது முதலாவது மட்டுமே. இளம் பூனையை வெளியே விட்டவர், அதற்குத் தேடித் தின்ன வழிவிட்டேன் என்று சொல்லலாம். கிழட்டு, நோயாளிப் பூனையை வெளியே விட்டவர் அப்படிச் சொல்ல முடியாது. அவர் செய்தது, பட்டினிக்கு இடம் மாற்றியது மட்டுமே.

இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டுக்கு வேண்டாமென்றான பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, தொலைவில் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவது நம் ஊர்களில் இன்னும் பலரும் தவறாகக் கருதாத ஒரு வழக்கம். மரக்காணம் பகுதியில் அந்தத் தொலைவு என்பது பெரும்பாலும் உப்பளத்துப் பக்கமாகவோ மீன் இறங்கும் கடற்கரையாகவோ இருக்கிறது. உப்பளத்தில் அந்த உயிருக்கு என்ன இருக்கிறது? கடல் நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு உண்டு; உப்பு படியும் பாத்தியிலோ அது 25 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். முதிர்ந்த பூனைகளை அதிகம் தாக்குவது சிறுநீரக நோய். அந்நோய் கண்ட பூனைக்குத் தாகம் அடங்காது; இரவும் பகலும் தண்ணீர் தேடும். அத்தகைய உயிரை, நிழலுக்கு ஒரு மரம்கூட அரிதாயிருக்கும் உப்பு வெளியில், கண்ணுக்கெட்டும் தூரம்வரை நீர் இருந்தும் ஒரு வாய் குடிக்க இயலாத இடத்தில் விட்டுவருகிறோம். கட்டிவைத்துத் தண்ணீர் மறுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மீன் துறையில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பாரும் உண்டு. பூனை தன் எல்லையைக் காத்து வாழும் பிராணி. அங்கே முன்பே இடம்பிடித்த வலிய பூனைகளும் நாய்களும் புதிதாக வந்த கிழத்தை அண்ட விடுவதில்லை. நாட்டின் சட்டமும் இதைக் குற்றமாகவே கருதுகிறது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலை ஏற்படும் வகையில் ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் உச்ச அபராதம் 50 ரூபாய்தான். ஆனால் ஒரு முஃமின் அஞ்ச வேண்டியது அந்த 50 ரூபாய்க்கு அல்லவே!

‘நாங்கள் வாங்கி வளர்க்கவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது’ என்று சிலர் கூறுவர். வந்தது தானாகத்தான். ஆனால் பத்து ஆண்டுகள் நம் கையால் உண்டு, நம் திண்ணையில் உறங்கி, வேறு இடம் தேடும் தேவையே அதற்கு இல்லாமல் செய்தவர்கள் நாம். அதன் இளமைப் பயனைப் பெற்றுக்கொண்ட பிறகு, முதுமையில் மட்டும் ‘அது எங்களுடையதன்று’ என்பது நீதியாகாது.

ஃபிக்ஹு நூல்கள் காட்டும் நிலை

பிராணிகளுக்குரிய செலவை நம் இமாம்கள் உபதேசப் பகுதியில் வைக்கவில்லை. மனைவி மக்களுக்குரிய ஜீவனாம்சத்தைப் பேசும் ‘நஃபகா’ பாடத்திலேயே சேர்த்து வைத்தார்கள். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நம் கடலோர ஷாஃபிஈ மக்களுக்கு நன்கு அறிமுகமான நூல். தன் பிராணிக்குத் தீனியும் நீரும் அளிப்பது உரிமையாளர் மீது கடமை என்றும், அவர் மறுத்தால் ஆட்சியாளர் கட்டாயப்படுத்த வேண்டும் என்றும் அது சட்டம் வகுக்கிறது. உண்ணத்தகாத பிராணியாயின், தீனியளிப்பது அல்லது விற்றுவிடுவது என்ற இரண்டுதான் அவருக்குள்ள வழி. நோயுற்ற கிழட்டுப் பூனையை யார் வாங்குவார்? அங்கும் ஒரே வழிதான் எஞ்சுகிறது. ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி நீதிபதி இதில் கட்டாயப்படுத்துவதில்லை. எனினும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான கடமையாக அது நிற்கிறது.

முதுமையையும் நோயையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டவர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்). ‘கவாயிதுல் அஹ்காம்’ என்னும் நூலில் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடும் அவர், ஒரு பிராணி தளர்ந்தோ நோயுற்றோ இனி எந்தப் பயனும் தராது என்ற நிலையை அடைந்தாலும், அதற்குரிய செலவை அளித்தே ஆக வேண்டும் என்று எழுதினார். ‘பயன் இல்லை’ என்பதே கைவிடுவதற்கு நாம் சொல்லும் காரணம். எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே அந்தக் காரணம் செல்லாது என்று தீர்ப்பெழுதப்பட்டிருக்கிறது.

அந்த இமாம் 1262-இல் கெய்ரோவில் மறைந்தபோது ஆட்சியில் இருந்தவர் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ். கெய்ரோவின் வடபுறம் தம் பள்ளிவாசலுக்கு அருகே பூனைகளின் உணவுக்கென ஒரு தோட்டத்தையே அவர் வக்ஃபு செய்தார். எகிப்தில் தங்கிய எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், 1836-இல் வெளியிட்ட தம் நூலில் இச்செய்தியைக் குறிப்பிட்டுள்ளார். அவர் காலத்தில் அத்தோட்டம் கைமாறிப் போயிருந்தது. ஆயினும் நகரத்துக் காழியின் பொறுப்பில், நீதிமன்ற முற்றத்தில் நாள்தோறும் பிற்பகலில் பூனைகளுக்கு உணவிடப்பட்டு வந்தது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கடமையின் எச்சம் அழியவில்லை.

இவ்வளவு உறுதியான சான்றுகள் இருக்க, ஆதாரமற்ற கதைகள் நமக்கு வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்களிடம் ‘முயெஸ்ஸா’ என்றொரு பூனை இருந்தது, அது உறங்கியபோது தம் ஆடையின் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்று பரப்பப்படும் செய்திக்கு நம்பத்தகுந்த ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. அது போன்ற ஒரு நிகழ்ச்சி, ஹிஜ்ரி 578-இல் மறைந்த ஷைகு அஹ்மத் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றியே வரலாற்று நூல்களில் கூறப்படுகிறது. அன்பின் மிகுதியால் ஆயினும், நபியவர்கள் மீது சொல்லாததைச் சொல்லக் கூடாது.

நோயை அறிவதும் அமானிதத்தில் அடங்கும்

முதிர்ந்த பூனைக்கு வரும் நோய்கள் பெரும்பாலும் ஒன்றாக நிற்பதில்லை. ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்கின்றன. தன் வலியை மறைப்பது பூனையின் இயல்பு. ஆகவே கவனித்துப் பார்ப்பவருக்கே அது தெரியும்.

சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு செயலிழக்கும்வரை பெரிதாக எதுவும் வெளியே தெரியாது. பிறகு அதிகம் குடிக்கும், அதிகம் சிறுநீர் கழிக்கும், மெலியும். நன்றாகத் தின்றும் உடல் வற்றினால் தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குகிறதா, நீரிழிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். நீரிழிவு முற்றிய பூனை பின்கால் குதிகால்களைத் தரையில் ஊன்றி நடக்கும். இரத்த அழுத்தம் ஏறினால் ஒரே நாளில் பார்வை பறிபோகலாம். மூட்டு வலியால் மணல் தொட்டிக்குள் ஏற இயலாமல் அதற்கு வெளியே கழிக்கும். இதைத்தான் நாம் ‘கெட்ட பழக்கம்’ என்று அடிக்கிறோம். அடிக்க வேண்டியதில்லை. விளிம்பு தாழ்ந்த ஒரு தட்டில் மணலை வைத்தால் போதும்.

நம் கடற்கரைக் குடும்பங்கள் முக்கியமாக அறிய வேண்டியது உப்பைப் பற்றி. மிஞ்சிய கருவாட்டையும் உப்புக்கண்டத்தையும் பூனைக்குப் போடுவது நம் வழக்கம். நோயுற்ற சிறுநீரகத்துக்கு அது ஏற்றதன்று. உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த மீனை, முள் நீக்கி, வெந்த நீரோடு பிசைந்து கொடுக்கலாம். கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் தெருக்களில், நாம் குடிக்கும் நல்ல தண்ணீரையே அதற்கும் இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும்.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரைகூட உயிரைப் போக்கிவிடும். இரக்கப்பட்டுக் கொடுத்துக் கொன்றுவிடக் கூடாது. பூனை இரண்டு நாள் எதையும் உண்ணாவிட்டால் ‘தானே சரியாகும்’ என்று காத்திருக்கவும் கூடாது. உடலிலுள்ள கொழுப்பு ஈரலில் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் சென்றால், குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வடக்கே சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் ஒரு முறை காட்டி, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று கேட்டு வருவதே பெரிய உதவி. சிறுநீரக நோய்க்குத் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றும் முறையை மருத்துவர் கற்றுக்கொடுத்தால், வீட்டிலேயே பொறுமையுடன் செய்ய முடியும்.

தொழுகையும் தூய்மையும்

‘வீடெல்லாம் நஜீஸாகிறதே’ என்ற கவலை நியாயமானது. அதைப் புறக்கணிக்காமல், மார்க்கம் வகுத்த அளவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பூனை வாய் வைத்த நீரைப் பற்றி, கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகள் கப்ஷா அறிவிக்கும் செய்தி முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட சுனன் நூல்களிலும் உள்ளது. அவருடைய மாமனார் அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்ய வைத்த நீரைக் குடிக்க ஒரு பூனை வந்தது. அவர்கள் அதை விரட்டவில்லை. அது எளிதாகக் குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். கப்ஷா வியப்புடன் பார்க்க, பூனை நஜீஸன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். ஹனஃபி மத்ஹபில், வேறு நீர் இருக்கும்போது அந்நீரைத் தவிர்ப்பது சிறந்தது என்பர். எம்மத்ஹபாயினும் அதன் எச்சில் நம் வீட்டுக்குத் தடையன்று. கழுத்தைக் குனிய முடியாத முதிய பூனைக்குப் பாத்திரத்தைச் சற்று உயர்த்தியோ சாய்த்தோ வைக்கிறவர், ஒரு நபித்தோழரின் செயலையே செய்கிறார்.

சிறுநீர் ஐயமின்றி நஜீஸ்தான். பூனை படுக்கும் இடத்தை ஒரு மூலையில் ஒதுக்கிப் பழைய துணி விரிப்பது, தொழும் பாயைச் சுருட்டி உயரத்தில் வைப்பது, பட்ட இடத்தில் நீர் ஊற்றிக் கழுவுவது ஆகியவையே போதும். ஆடையில் ஒட்டும் ஓரிரு முடிகள் ஷாஃபிஈ மத்ஹபில் மன்னிக்கப்பட்டவை. கைக்குழந்தை உள்ள எந்த வீடும் இதைவிட அதிகமாகவே கழுவுகிறது.

எதுவரை செலவிடுவது?

மறுபக்கமும் இருக்கிறது. நகரங்களில் ஒரு பூனையின் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆயிரக்கணக்கில் செலவாகிறது. உப்பளத்தில் கூலிக்கு உழைக்கும் குடும்பம், மழை தொடங்கியதும் பாத்திகள் மூழ்கி மாதக்கணக்கில் வேலையின்றி இருக்கிறது. அவர்களிடம் போய் மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்பது மார்க்கமாகாது. நம் நூல்கள் கடமை என்று கூறுவது உணவையும் நீரையும், துன்புறுத்தாமையையும்தான். மருத்துவம், இயன்றவர் இயன்ற அளவு செய்யும் நன்மை. கடன் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை. பெற்றோரின் மருந்தையும் பிள்ளைகளின் உணவையும் குறைத்துச் செய்யவும் கூடாது. ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் வரையறுத்துவிட்டது; அந்தப் பணத்தைப் பூனைக்குச் செலவிட வழியில்லை. ஸதகாவிலிருந்து செலவிடலாம். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியைக் கேட்ட தோழர்கள், பிராணிகளிடத்திலும் நமக்கு நன்மை உண்டா என்று வினவ, உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்றே நபியவர்கள் பதிலளித்தார்கள்.

கடைசியாக, மிகக் கடினமான ஒரு வினா. வேதனை தாளாமல் துடிக்கும் பூனையை ஊசி போட்டு முடித்துவிடலாமா? உண்ணத்தகாத பிராணியை, வேதனையிலிருந்து விடுவிக்கும் நோக்கத்திலும் கொல்லக் கூடாது என்பதே பிற்கால ஷாஃபிஈ நூல்களின் நிலை. குணமடையும் வாய்ப்பே இல்லாத கடும் வேதனையில் அனுமதிக்கும் அறிஞர்களும் இக்காலத்தில் உள்ளனர். மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, உங்கள் ஊர் ஆலிமிடம் நிலையை விளக்கி முடிவெடுங்கள். ஆனால் ஒன்று தெளிவு: நமக்குத் தொந்தரவாக இருக்கிறது என்பது அதன் வேதனையாகாது. நம் சிரமத்தை முடிக்க அதன் உயிரை முடிப்பதற்கு எந்த நூலிலும் இடமில்லை.

அந்த வாயில்லா ஜீவன் நமக்கு எதையும் திருப்பித் தரப்போவதில்லை. அதனால்தான் இந்தச் செயலில் முகஸ்துதி புகுவது கடினம். எகிப்திய இலக்கண அறிஞர் இப்னு பாப்ஷாதைப் பற்றி இப்னு கல்லிகான் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். கெய்ரோவின் பழைய பள்ளிவாசல் மேல்தளத்தில் அவர் நண்பர்களுடன் உண்டுகொண்டிருந்தபோது, ஒரு பூனை மீண்டும் மீண்டும் வந்து உணவுத் துண்டைக் கவ்விச் சென்றது. பின்தொடர்ந்து பார்த்தால், இடிந்த ஒரு மூலையில் இருந்த குருட்டுப் பூனைக்கு அது ஊட்டிக்கொண்டிருந்தது. குருட்டுப் பூனைக்கும் ரிஸ்கை அனுப்புகிறவன் என்னைக் கைவிடுவானா என்றெண்ணி அவர் அரசுப் பணியைத் துறந்தாராம். பணியைத் துறப்பது எல்லோருக்கும் உரியதன்று. ஆனால் அல்லாஹ் அந்த ரிஸ்கை யாரேனும் ஒருவர் வாயிலாகத்தான் அனுப்புகிறான். நம் வீட்டு மூலையில் கிடக்கும் பூனைக்கு அந்த ஒருவர் நாமே.

இன்றிரவு ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரை அதன் அருகில் வையுங்கள். அது குடித்து முடிக்கும்வரை பிள்ளைகளையும் உடன் இருக்கச் சொல்லுங்கள். தளர்ந்துபோன உயிரை எப்படி நடத்த வேண்டும் என்பதை அவர்கள் பாடமாகப் படிப்பதைவிட வீட்டில் பார்த்துக் கற்பது உறுதியாக நிற்கும்.

நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் தன்னை அஞ்சி நடக்கும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.